மேகம் இறங்கிய காலையில் யார் முதலில் இறங்குவது? சான்பிரான்சிஸ்கோ தந்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு மணி நேரத்தில் 30 விமானங்கள்தான் இறங்க முடியும், வருவதோ 45. மிச்சம் 15 விமானங்களை எங்கே, எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பது? அதில் யாருடைய விமானம் நிற்பது? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் 1990களில் தேடிக் கண்ட விடையைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். விமானங்களுக்குப் பாதையும் நேரமும் வகுப்பது என்றாலே நல்ல கணித மாதிரியும் வேகமான கணினியும் போதும் என்று நம் துறையில் பலர் நினைக்கிறார்கள். இந்த நிகழ்வில் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சம்பந்தப்பட்ட விமான நிறுவனங்களையும் ஊழியர்களையும் பெயர் சொல்லாமல், அவர்கள் வகித்த பொறுப்பை மட்டும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி: 750 அடி

சான்பிரான்சிஸ்கோ விமான நிலையம் விரிகுடாவை ஒட்டி இருக்கிறது. வழக்கமான மேற்குக் காற்று வீசும்போது விமானங்கள் 28 இடது, 28 வலது என்ற இரண்டு இணை ஓடுபாதைகளில் இறங்கும். இரண்டின் நடுக்கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 750 அடிதான். வானம் தெளிவாக இருந்தால் இது பெரிய தடை இல்லை. பக்கத்தில் வரும் விமானத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இரண்டு விமானிகள் ஜோடியாக இறங்குவார்கள். அந்த நாட்களில் மணிக்கு சுமார் 60 விமானங்கள் இறங்கிவிடும்.

மேகம் தாழ்ந்தால் கதையே வேறு. பக்கத்து விமானம் கண்ணுக்குத் தெரியாது, கருவிகளை நம்பித்தான் இறங்க வேண்டும். அப்படி இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று சாராமல் இணையாக இறங்க அன்றைய விதி கேட்ட இடைவெளி 4,300 அடி. 750 அடி அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே இரண்டு ஓடுபாதைகளையும் ஒன்றாகவே கருத வேண்டியிருக்கும். 60 என்பது 30 ஆகிவிடும்.

இது எப்போதோ ஒரு முறை நடப்பதும் இல்லை. கோடையில் பசிபிக்கின் குளிர்ந்த நீருக்கு மேல் உருவாகும் தாழ்மேகம், இரவோடு இரவாக மலை இடைவெளி வழியே விரிகுடாவுக்குள் வந்து படியும். வெயில் ஏறியதும் முற்பகலில் கலையும். அது வரும் என்பது முந்தைய நாளே பெரும்பாலும் தெரிந்துவிடும். எத்தனை மணிக்குக் கலையும் என்பதுதான் தெரியாது. சில நாள் விமான நிலையத்தின் மேல் வெயில் பளிச்சென்று அடிக்கும். விமானங்கள் தாழ்ந்து வரும் சான் மட்டேயோ பாலத்துப் பக்கம் மட்டும் மேகம் விலகியிருக்காது. முனையத்தில் காத்திருக்கும் பயணிக்கு 'வானிலை காரணமாகத் தாமதம்' என்ற அறிவிப்பு பச்சைப் பொய்யாகத் தோன்றுவது அந்த மாதிரி நாட்களில்தான்.

தரையிலேயே நிறுத்துவது

இறங்க இடம் இல்லாதபோது விமானத்தை வானில் வட்டமடிக்க விடலாம். எரிபொருள் வீணாகும், கட்டுப்பாட்டாளரின் திரை நிரம்பும், ஆபத்தும் கூடும். அதைவிடப் புறப்படும் ஊரிலேயே, எஞ்சினைக் கிளப்பும் முன்பே நிறுத்தி வைப்பது மேல். 1981 ஆகஸ்டில் அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்றைய அதிபர் ரொனால்ட் ரீகன் 11,000க்கும் மேற்பட்டோரைப் பணிநீக்கம் செய்தார். மிச்சமிருந்த ஆட்களை வைத்துக்கொண்டு வானில் கூட்டம் சேர விடுவது நடக்காத காரியம். தரைத் தாமதத் திட்டம் வேரூன்றியது அந்த நெருக்கடியில்தான்.

நாடு முழுவதற்கும் இதைச் செய்தது ஒரே மத்திய கட்டளை மையம். 1994 முதல் அது வாஷிங்டனுக்கு அருகே, வர்ஜீனியாவின் ஹெர்ன்டனில் இயங்கியது. அங்கிருக்கும் நிபுணர் அடுத்த சில மணி நேரத்தில் எத்தனை விமானங்கள் வரும், எத்தனை இறங்க முடியும் என்று பார்ப்பார். வருவது அதிகம் என்றால் ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் இறங்கு நேரம், அதாவது ஸ்லாட், ஒதுக்கப்படும். பறக்கும் நேரத்தை அதிலிருந்து கழித்தால் புறப்படும் நேரம் கிடைத்துவிடும். அந்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னே பின்னே விமானம் கிளம்பிவிட வேண்டும்.

அளவு புரிய ஒரு கணக்கு. காலை 8 மணி முதல் 11 வரை மணிக்கு 45 விமானங்கள் வருவதாக அட்டவணை சொல்கிறது. இறங்கக்கூடியவை 30 என்று வைப்போம். மூன்று மணி நேரத்தில் வருபவை 135, இறங்கியவை 90. வரிசையில் 45 மிச்சம். 11 மணிக்கு வர வேண்டிய விமானம் 12:30க்குத்தான் இறங்கும். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. கீழே வரும் கணக்குகளுக்கும் இதே எண்கள்தான்.

காணப்பட்டது

1990களின் தொடக்கத்தில் இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தைப் பற்றி எதிரெதிராகப் புலம்பிக்கொண்டிருந்தன. ஸ்லாட் கொடுத்தும் விமானம் வருவதில்லை, மேகம் மூடிய அருமையான நேரத்தில் ஓடுபாதை சும்மா கிடக்கிறது என்றது கட்டளை மையம். எங்கள் விமானங்களின் உண்மை நிலை தெரியாமலே மையம் திட்டம் போடுகிறது, தேவையில்லாத நாளிலும் நிறுத்துகிறது என்றன விமான நிறுவனங்கள். இரண்டுமே உண்மை.

காரணம் ஸ்லாட் ஒதுக்கிய முறையில் இருந்தது. துறைக்காரர்கள் அதை 'க்ரோவர் ஜாக்' என்று அழைத்தார்கள். ஒவ்வொரு விமானமும் எப்போது வந்து சேரும் என்று கடைசியாகத் தெரிந்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்தி, முதலில் வருவதற்கு முதல் ஸ்லாட். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. என்ன ஆகிறது என்று பாருங்கள்.

ஒரு நிறுவனத்தின் விமானம் 9 மணிக்கு வர வேண்டியது. புறப்படும் ஊரில் சின்னப் பழுது. 9:30க்குத்தான் வர முடியும் என்று டிஸ்பாட்சருக்கு, அதாவது நிறுவனத்தில் விமானங்களின் புறப்பாட்டைத் திட்டமிடுபவருக்கு, தெரிந்துவிட்டது. அவர் மையத்துக்குச் சொன்னால் விமானம் 9:30 என்ற இடத்தில் வரிசைக்குப் போகும். மேலே சொன்ன கணக்கின்படி அந்த இடத்துக்கான ஸ்லாட் 10:15. சொல்லாமல் விட்டால் அது இன்னும் 9 மணி விமானம்தான். அதற்கான ஸ்லாட் 9:30. பழுது சரியாகி விமானம் வந்து சேரும் நேரமும் அதே 9:30. வாயை மூடிக்கொண்டிருந்தவருக்குப் பழுதின் தாமதம் மேகத்தின் தாமதத்துக்குள் அடங்கிவிடுகிறது. உண்மை சொன்னவருக்குக் கூடுதலாக 45 நிமிடம் தண்டனை. துறையில் இதற்கு இரட்டைத் தண்டனை என்றே பெயர்.

ரத்தாகும் விமானம் இன்னும் மோசம். ஒரு நிறுவனம் தன் விமானத்தை ரத்து செய்துவிட்டதாகச் சொன்னால் அந்த இடம் காலியாகி, பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு படி முன்னேறுவார்கள். அவர்களில் போட்டி நிறுவனமும் உண்டு. ரத்து செய்தவருக்கு அந்த இடத்தின் மேல் உரிமை எதுவும் மிஞ்சாது. க்ளினிக்கில் டோக்கன் வாங்கியவர், 'இன்று வரவில்லை' என்று போன் செய்து சொன்னால் அவருடைய இரண்டாவது பிள்ளையின் டோக்கன் ஒன்றும் முன்னால் வரப்போவதில்லை. அப்புறம் எதற்குப் போன் செய்வார்? திட்டம் வெளியாகும் வரை ரத்தை மறைத்து வைத்து, கையில் ஸ்லாட் வந்த பிறகு அதைத் தன்னுடைய வேறு விமானத்துக்கு மாற்றிக்கொள்வதே லாபம். பல ரத்துகள் மையத்துக்குத் தெரியாமலே போயின. வராத விமானத்துக்காக வைத்திருந்த ஸ்லாட் நேரம் கடந்த பிறகுதான், 'இது வரவில்லை போலிருக்கிறது' என்று கணினி தானாகவே அதை நீக்கும்.

மேகம் மூடிய காலையில் ஒரு காலி ஸ்லாட்டின் விலை என்ன? மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. பின்னால் 60 விமானங்கள் வரிசையில் இருந்தால் ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் வீணாகத் தாமதிக்கிறது. மொத்தம் 120 நிமிடம், ஒரே ஒரு போன் அழைப்பு வராததால்.

இங்கே யாரையும் பொய்யர் என்று சொல்ல முடியாது. டிஸ்பாட்சர் தன் நிறுவனத்துக்கு விசுவாசமாக இருந்தார். மையத்தின் நிபுணர் தன்னிடம் இருந்த தகவலை வைத்துச் சரியாகவே கணக்குப் போட்டார். விதிதான் உண்மையைச் சொல்பவரின் தலையில் குட்டியது.

சோதனை

1993-ல் கட்டளை மையத்தை நடத்தும் அமெரிக்க விமான நிர்வாக அமைப்பான எஃப்.ஏ.ஏ.வும் சில விமான நிறுவனங்களும் சேர்ந்து தகவல் பரிமாற்றச் சோதனை ஒன்றைத் தொடங்கின. நிறுவனங்கள் தங்களுடைய உண்மையான ரத்துகளையும் தாமதங்களையும் முன்கூட்டியே கொடுத்தால் மையத்தின் முடிவுகள் மாறுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். மாறின. ஆனால் சோதனையில் பங்கெடுப்பது வேறு, தினசரி வியாபாரத்தில் கையில் உள்ள சீட்டைக் காட்டுவது வேறு. தண்டனை இருக்கும்வரை சோதனை முடிந்த மறுநாளே பழைய பழக்கம் திரும்பிவிடும் என்பது பேச்சுவார்த்தையில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணித உண்மையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரே ஒரு விமான நிலையம், இறங்கு நேரங்கள் ஏற்கெனவே நிர்ணயிக்கப்பட்டவை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா விமானங்களின் மொத்தத் தாமதம் என்பது, ஸ்லாட் நேரங்களின் கூட்டுத்தொகையிலிருந்து அட்டவணை நேரங்களின் கூட்டுத்தொகையைக் கழித்தால் வருவது. எந்த விமானத்துக்கு எந்த ஸ்லாட் என்று எப்படி மாற்றிப் போட்டாலும் இந்த இரண்டு கூட்டுத்தொகைகளும் மாறாது. ஸ்லாட் எதுவும் வீணாகக் கூடாது, எந்த விமானத்துக்கும் அதனால் வந்து சேர முடியாத நேரத்தைக் கொடுக்கக் கூடாது, நிபந்தனை அவ்வளவுதான். ஆக, வரிசையை 'உகந்ததாக்குவதால்' மொத்த நிமிடங்களில் ஒன்றுகூடக் குறையாது. யாருக்கு எவ்வளவு என்பது முழுக்க நியாயம் சார்ந்த கேள்வி. மொத்தத்தைக் குறைக்க வேண்டுமானால் ஸ்லாட் வீணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தேவை தகவல். தகவல் வர வேண்டுமானால் முதலில் நியாயம் சரியாக வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எஃப்.ஏ.ஏ., விமான நிறுவனங்கள், பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மென்பொருள் நிறுவனத்தார் எல்லாரும் சேர்ந்த குழு கூட்டு முடிவெடுப்பு என்ற பெயரில் புது ஏற்பாட்டை வகுத்தது. அதன் அச்சாணி அட்டவணைப்படி பங்கீடு என்ற விதி. கடைசியாகத் தெரிந்த நேரத்தை மறந்துவிட்டு, முதலில் வெளியிட்ட அட்டவணையில் விமானம் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் ஸ்லாட் கொடுப்பது. பழுதானாலும் சரி, ரத்தானாலும் சரி, அந்த ஸ்லாட் அந்த நிறுவனத்தின் கையில்தான் இருக்கும். 9 மணி விமானத்துக்குப் பழுது என்று சொன்னாலும் 9:30 ஸ்லாட் போகாது. அந்த நேரத்துக்கும் அதனால் வர முடியாவிட்டால், நிறுவனம் தன் வேறு விமானத்தை அதில் வைத்து மாற்றிக்கொள்ளலாம். எந்தப் பயணிகளுக்கு அவசரம், எந்த விமானிக்குப் பணிநேரம் முடியப்போகிறது என்பதெல்லாம் நிறுவனத்துக்குத்தான் தெரியும். ஆகவே அந்த முடிவு அவர்களிடமே விடப்பட்டது. மையத்தின் வேலை பங்கை நிர்ணயிப்பதோடு நின்றது.

தன் வேறு விமானம் எதுவும் அந்த ஸ்லாட்டுக்கு வந்து சேர முடியாவிட்டால்? அதற்காக வந்ததுதான் கம்ப்ரெஷன். ஒரு சிறிய உதாரணம், கணக்கு எளிதாக இருக்க நான்கு நிமிட இடைவெளியில். 9:00 ஸ்லாட் அ நிறுவனத்துடையது, விமானம் ரத்து. 9:04 ஆ நிறுவனத்துக்கு, 9:08 இ நிறுவனத்துக்கு, 9:12 மறுபடி அ நிறுவனத்தின் இன்னொரு விமானத்துக்கு. அந்த இரண்டாவது விமானத்தால் 9:08க்கு முன் வர முடியாது. 9:00 அதற்குப் பயன்படாது. கணினி ஆ விமானத்தை 9:00க்கு ஏற்றுகிறது. பதிலுக்கு 9:04 அ நிறுவனத்தின் கைக்கு வருகிறது. அதுவும் பயன்படாது, ஆகவே இ விமானம் 9:04க்கு ஏறுகிறது. 9:08 அ நிறுவனத்துக்கு. இப்போது அதன் இரண்டாவது விமானம் 9:08-ல் இறங்கலாம். மூன்று பேருக்கும் நான்கு நிமிடம் லாபம். ரத்தைச் சொன்னவரும் கையை வீசிக்கொண்டு போகவில்லை.

இரண்டாவது ஏற்பாடு எல்லாரும் ஒரே திரையைப் பார்ப்பது. நிறுவனங்களின் ரத்து, தாமதச் செய்திகள் தனி வலையமைப்பு வழியாக மாசசூசெட்ஸில் உள்ள வோல்பே போக்குவரத்து மையத்துக்குப் போய், ஒன்றாகச் சேர்ந்து எல்லாருக்கும் திரும்பி வந்தன. மணிக்கு ஒரு பட்டை, அதில் வரப்போகும் விமானங்களின் எண்ணிக்கை; குறுக்கே இறங்கு திறனைக் காட்டும் கோடு. பட்டை கோட்டுக்கு மேல் எழும்பினால் திட்டம் வரப்போகிறது என்பது நிறுவனத்தின் இயக்க அறைக்கும் அதே நொடியில் தெரியும். திட்டம் வெளியாகும் முன்பே சில விமானங்களை அவர்களே ரத்து செய்து பட்டையைத் தாழ்த்தவும் முடியும்.

மூன்றாவது, விலக்குகள். ஏற்கெனவே வானில் இருப்பவற்றை நிறுத்த முடியாது. வெளிநாட்டிலிருந்து வருபவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் விலக்கு. தொலைதூர விமானங்களையும் தேவைப்பட்டால் விட்டுவிடலாம். இது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் தலைவலி தொடர்ந்ததும் அங்கேதான்.

1998 ஜனவரி முதல்

1998 ஜனவரி 20 அன்று சான்பிரான்சிஸ்கோவிலும் நியூயார்க் அருகே உள்ள நெவார்க்கிலும் முன்னோட்டமாக இது தொடங்கியது. அதே ஆண்டுக்குள் தரைத் தாமதத் திட்டம் போடப்படும் மற்ற நிலையங்களுக்கும் விரிந்தது. ரத்துச் செய்திகள் முன்னதாகவே வரத் தொடங்கின. கம்ப்ரெஷன் அன்றாட வேலையானது. திட்டத்தை நடுவில் திருத்துவது பழைய முறையில் எல்லாரையும் குழப்பும் காரியம். புதிய முறையில் உரிமை யாருடையது என்பது தெளிவாக இருந்ததால் அது சாதாரணமானது.

முறை நன்றாக இருந்தாலும் மனிதர்கள் மனிதர்கள்தானே. புது விதியிலும் ஓட்டை தேடினார்கள். ஸ்லாட்டின் மேல் உரிமை வந்ததும், பறக்கப் போவதே இல்லாத விமானத்தை அட்டவணையில் விட்டு வைத்து ஸ்லாட் பிடிப்பதில் ஆதாயம் இருந்தது. அதனால் தகவலின் தரத்தையே அளக்க வேண்டி வந்தது. சொல்லாமல் வராமல் போனவை எத்தனை, ரத்து என்று சொல்லிவிட்டுப் பறந்தவை எத்தனை என்று நிறுவனவாரியாக எண்ணிக் காட்டினார்கள். அபராதத்தைவிட, சக நிறுவனங்களின் முன்னால் அந்தப் பட்டியலில் மேலே நிற்பதுதான் உறுத்தியிருக்கும் என்பது என் ஊகம்.

இன்னொரு தொல்லை, அட்டவணையில் இல்லாமல் திடீரென்று முளைக்கும் விமானங்கள்: தனியார் ஜெட்டுகள், வாடகை விமானங்கள். அட்டவணைப்படி பங்கீட்டில் இவற்றுக்கு இடமே இல்லை. வரும் என்று தெரியும், எது, எப்போது என்று தெரியாது. இவற்றுக்காகச் சில ஸ்லாட்டுகளை முன்பே ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது. அதிகம் வைத்தால் ஓடுபாதை காலி, குறைவாக வைத்தால் வானில் வட்டம்.

தீராத கேள்வி: மேகம் எப்போது கலையும்?

கலிஃபோர்னியாவில் காலை 5 மணி என்றால் நியூயார்க்கில் 8. அங்கிருந்து அப்போது கிளம்பும் விமானம் சுமார் ஆறு மணி நேரம் பறந்து, கலிஃபோர்னிய நேரப்படி 11 மணி வாக்கில் வந்து சேரும். மேகம் பல நாட்களில் கலையும் நேரமும் ஏறக்குறைய அதுதான். ஆகவே நியூயார்க் விமானத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய நேரம், மேகத்தைப் பற்றி யாருக்கும் எதுவும் உறுதியாகத் தெரியாத நேரம். அதை ஒரு மணி நேரம் நிறுத்தினோம், மேகம் 9:30க்கே கலைந்துவிட்டது என்றால் நிறுத்தியது வீண். இழந்த நேரத்தை வானில் மீட்கவும் முடியாது.

லாஸ் ஏஞ்சலஸ் விமானம் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் பறக்கும். மேகம் கலைந்ததும் 'கிளம்பு' என்றால் வந்து நிற்கும். அதனால் தொலைவிலிருந்து வருபவற்றை விட்டுவிட்டு, அருகில் உள்ளவற்றை நிறுத்தி வைப்பதுதான் ஓடுபாதைக்கு நல்லது. எல்லா ஸ்லாட்டும் நிரம்பும், திட்டத்தை முன்கூட்டியே முடித்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் பாரம் முழுவதும் குறுந்தூர விமானங்களின் தலையில் விழும். குறுந்தூர விமானங்களை அதிகம் ஓட்டும் நிறுவனம் இதை ஒப்புக்கொள்ளுமா? மேலே சொன்ன கணித உண்மை இங்கே பொருந்தாது. வரப்போகும் வானிலை தெரியாதபோது வரிசையும் மொத்தத் தாமதத்தை மாற்றும். செயல்திறனும் நியாயமும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். பின்னாளில் ஆய்வாளர்கள் தூரத்தின்படி பங்கீடு என்ற முறையை முன்வைத்து, அது எவ்வளவு மிச்சப்படுத்தும் என்றும் காட்டினார்கள். நடைமுறையில் தொடர்வது இடைவழிதான்: ஒரு எல்லைக்கு அப்பால் உள்ளவற்றுக்கு விலக்கு, உள்ளே இருப்பவற்றுக்கு அட்டவணைப்படி பங்கீடு. அந்த எல்லையை எங்கே போடுவது என்பது அன்றன்றைக்கு நிபுணரின் கையில்.

மேகம் கலையும் நேரத்தைக் கணிக்கவே தனி முன்னறிவிப்பு முறை ஒன்றை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் லிங்கன் ஆய்வகம் உருவாக்கியது. 2004-ல் இன்னொரு பக்கத்திலிருந்தும் உதவி வந்தது. ஒரு விமானம் நேராகவும் மற்றது சற்றே விலகிய கோணத்திலும் இறங்கிவந்து, மேகத்துக்குக் கீழே வந்ததும் பக்கத்து விமானத்தைக் கண்ணால் பார்த்து இணையும் முறை அனுமதிக்கப்பட்டது. மேகம் ஓரளவு உயரமாக இருக்கும் நாட்களில் இதனால் 30 என்ற எண் கொஞ்சம் ஏறும். எந்த வழிமுறை மாற்றத்தையும்விட ஓடுபாதைத் திறனை ஒரு சில எண்களாவது கூட்டுவது பலன் தரும் என்று ஒரு கட்சி அப்போதே வாதாடியது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

நிலையத்திலிருந்து வான்பாதைக்கு

கோடை இடிமழை ஓடுபாதையை அல்ல, நடுவழி வான்பகுதியை அடைக்கும். அங்கே பல ஊர்களுக்குப் போகும் விமானங்கள் ஒரே இடைவெளிக்குப் போட்டியிடும். முதலில் இதற்கும் நிலையத்துக்கான திட்டத்தையே போட்டார்கள். புயலுக்குப் பக்கத்திலேயே போகாத விமானமும், சேருமிடம் ஒன்று என்பதற்காக நிறுத்தப்பட்டது. 2006 முதல் வான்வெளி ஓட்டத் திட்டம் என்று, அடைபட்ட பகுதியைக் கடக்கும் விமானங்களுக்கு மட்டும் அந்தப் பகுதியில் நுழையும் நேரத்தைப் பங்கிட்டார்கள். விதி அதே அட்டவணைப்படி பங்கீடுதான்.

கணித மாதிரிகளுக்கு உண்மையான வேலை இருப்பது இங்கேதான். எம்.ஐ.டி.யின் அமேடியோ ஓடோனி 1987-லேயே இந்தச் சிக்கலை முறையான வடிவில் எழுதியிருந்தார். டிமிட்ரிஸ் பெர்ட்சிமாஸும் சாரா ஸ்டாக் பேட்டர்சனும் 1998-ல் வான்பகுதிகளின் கொள்ளளவையும் சேர்த்து ஒரு முழுஎண் மாதிரியைக் கொடுத்தார்கள். அவர்களின் மாறி, 'இந்த நேரத்துக்குள் இந்த விமானம் இந்தப் பகுதிக்கு வந்துவிட்டதா' என்ற ஆம், இல்லை கேள்வி. 'சரியாக இந்த நேரத்தில் வருகிறதா' என்று கேட்பதைவிட இப்படிக் கேட்டால் கணினி விடையை வெகு சீக்கிரம் கண்டுபிடிக்கிறது. சின்ன மாற்றம்தான், பலன் பெரிது. ஆனால் அந்த மாதிரிக்குக் கொடுக்க வேண்டிய விலை விவரம், அதாவது எந்த விமானம் ஒரு நிமிடம் தாமதித்தால் எவ்வளவு நஷ்டம் என்பது, நிறுவனங்களின் ரகசியம். மையத்திடம் அது கிடையாது, கேட்டாலும் உண்மை வராது. பழைய இரட்டைத் தண்டனைக் கதைதான் இதுவும்.

அடைபட்ட பகுதியைச் சுற்றிப் போகும் மாற்றுப் பாதைகளையும் நிறுவனங்களே வரிசைப்படுத்தித் தரும் முறை 2014-ல் வந்தது. 'இந்தப் பாதையில் 20 நிமிடத்துக்கு மேல் தாமதம் என்றால் அந்தப் பாதையில் அனுப்புங்கள்' என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். வடிவம் அழகானது, ஆனால் பயன்பாடு குறைவாகவே இருந்தது. ஒவ்வொரு விமானத்துக்கும் அப்படி ஒரு பட்டியல் தயாரிக்க நிறுவனங்களின் மென்பொருளும் டிஸ்பாட்சரின் நேரமும் வேண்டும். நான்கு நிறுவனங்கள் தயார், மற்றவை தயாரில்லை என்றால் தயாராக இருப்பவருக்கும் பெரிய லாபமில்லை.

மறுபடி செய்தால் எதை மாற்றலாம்

சிறிய நிறுவனங்களின் நிலையை முதலிலேயே யோசிக்க வேண்டும். மாற்றிப் போடும் உரிமை 50 விமானங்கள் வைத்திருப்பவருக்குப் பெரிய வரம். ஒரு நாளைக்கு இரண்டே விமானங்கள் விடுபவருக்கு வெறும் காகிதம். 2003-ல்தான், 'இந்த ஸ்லாட்டை விடுகிறேன், பதிலுக்கு இந்த நேரம் கொடுங்கள்' என்று மற்ற நிறுவனங்களோடு நிபந்தனையோடு மாற்றும் வழி வந்தது. அது முதல் நாளிலிருந்தே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பயணி எங்கும் கணக்கில் இல்லை என்பதும் எனக்கு உறுத்தல்தான். 50 பேர் போகும் சிறிய ஜெட்டும் 300 பேர் போகும் பெரிய விமானமும் எடுப்பது ஒரே ஒரு ஸ்லாட். நிறுவனங்கள் இதைத் தங்கள் வழியில் சரிசெய்கின்றன: சிறிய ஊர் விமானத்தை ரத்து செய்து அந்த ஸ்லாட்டைப் பெரிய விமானத்துக்குக் கொடுக்கின்றன. மொத்தப் பயணிகளின் கோணத்தில் அது சரி. ஒரு நாளைக்கு இரண்டே விமானம் வரும் ஊர்க்காரரின் கோணத்தில்? அவருக்காகப் பேச அந்தக் குழுவில் யாரும் இல்லை. அதே விமானத்தை எத்தனை நாள் தொடர்ந்து பலி கொடுக்கலாம் என்று ஒரு வரம்பாவது வைத்திருக்கலாம்.

நம் ஊருக்கும் இது அன்னியமில்லை. இந்திய விமான நிலைய ஆணையம் டெல்லியிலிருந்து நடத்தும் மத்திய ஓட்ட மேலாண்மை, சென்னை உட்பட ஆறு பெருநகர நிலையங்களோடு தொடங்கியது. கதவை மூடிவிட்டு ஓடுபாதைப் பக்கமே போகாமல் நிற்கும் விமானத்தில், டெல்லியில் நெரிசல் என்று விமானி சொல்வதைக் கேட்டவர்களுக்கு அது போட்ட நேரக் கணக்கு பழக்கமானதுதான். இங்கே இதைப் படிக்கும் பொறியாளர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது உகப்பாக்க மென்பொருளை அல்ல. ஒரு நிறுவனம் தன் ரத்தை இரண்டு மணி நேரம் முன்பே சொன்னால், அதன் அடுத்த விமானத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். எதுவும் கிடைக்காது என்றால், உள்ளே வரும் எண்களை நம்பி மேலே கணக்குப் போட வேண்டாம்.